உப்புக்கண்டமும் உப்பின் விலையும்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி ஆற்றுப் பாங்கில் அமைந்த வடக்கனந்தலிலும், அதனை அடுத்த கச்சிராயபாளையம் முதலான ஊர்களிலும், மாமிசம் என்பது நம் பாட்டனார் காலம் வரையில் நினைத்த நாளில் கடையில் வாங்கக்கூடிய பதார்த்தமாக இருந்ததில்லை. பொங்கலை அடுத்த கரிநாள், ஆடி மாதத்து அம்மன் திருவிழா, காதுகுத்து, கிடா வெட்டு என்று ஆண்டில் சில விசேஷங்களிலேயே ஆடு அறுபடும். பல வீட்டார் ஒன்றுகூடி ஓர் ஆட்டை வாங்கி, கறியையும் ஈரலையும் எலும்பையும் சமமான கூறுகளாக வைத்து, கூறுக்கு இவ்வளவு என்று பணத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். அன்றைய குழம்புக்குப் போக மிஞ்சியது மறுநாளே கெட்டுவிடும் என்பதை அறிந்த வீட்டுப் பெண்கள் அதற்குக் கண்ட உபாயமே உப்புக்கண்டம்.

அந்த உபாயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், எளிய காரியம்போல் தோன்றும் அதில் ஒவ்வொரு படியும் ஒரு காரணம் பற்றியே வகுக்கப்பட்டிருக்கிறது. கொழுப்பு வெயிலில் சிக்கு நாற்றம் எடுக்கும் ஆதலால் முதலில் அதைக் கழித்துவிடுவார்கள். எலும்பை நீக்கிய சதையைப் பட்டையாக, நீளவாக்கில், மெல்லியதாக அரிவார்கள். கல்லுப்பையும் மஞ்சளையும் அம்மியில் நுணுக்கித் தாராளமாகப் பூசிப் பிசறி, இராமுழுதும் ஒரு சட்டியில் ஊறவைத்து, ஊறும்போது கறி விட்ட தண்ணீரை வடித்துவிட்டு, மறுநாள் காலையில் கோணி ஊசியால் நூலில் கோத்து மாலையாக்கி, முற்றத்துக் கொடியில் கட்டுவார்கள். காகத்துக்கும் பூனைக்கும் ஒருவர் காவல். பொழுது சாய்ந்ததும் பனி படாமல் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். ஒடித்தால் ஒடியும் பதம் வரும் வரையில் நாள்தோறும் இப்படியே வெயில் காட்டியபின், ஈரமற்ற பானையில் இட்டுத் துணியால் வாயைக் கட்டி வைப்பார்கள். சில வீடுகளில் மாலையை அப்படியே அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை படச் செய்வதும் உண்டு. வேண்டிய நாளில் நான்கு துண்டை எடுத்து நீரில் அலசி, உப்பைக் குறைத்து, அம்மியில் தட்டி நல்லெண்ணெயில் வறுத்தால், கம்பங்கூழுக்கும் களிக்கும் அதைவிட உற்ற துணை இல்லை.

பச்சைக் கறியில் நான்கில் மூன்று பங்கு நீர்தான். கறியைக் கெடுக்கும் கிருமிகள் அந்நீரைக் கொண்டே பல்குகின்றன. உப்பு அதை வெளியே இழுக்கிறது, வெயில் உலர்த்துகிறது, புகை மேற்பரப்பில் படிந்து எஞ்சியவற்றையும் தடுக்கிறது. இந்த விஞ்ஞானத்தை நம் பெண்மக்கள் சொல்லக் கேட்டதில்லை. ஆனால் கார்த்திகை மழையில் உப்பு கசிந்து கறி பிசுபிசுக்கும் என்பதை அறிந்திருந்ததனால், மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசும் தை, மாசி மாதங்களையே இவ்வேலைக்கு உகந்ததாகக் கொண்டார்கள். கரிநாளில் மிஞ்சிய கறி அத்தனை நன்றாகக் காய்ந்ததற்கு வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு விடைபெறுவதே காரணம்.

இவ்வழக்கம் இன்று நேற்று வந்ததன்று. பெரும்பாணாற்றுப்படையில் பாலை நிலத்து எயினர் வழிச்செல்வோர்க்கு அளிக்கும் உணவில் உலர்ந்த ஊனும் சேர்ந்தே இருக்கிறது. சங்க நூல்களில் வண்டி வண்டியாக உப்பேற்றி உள்நாட்டுக்குச் செல்லும் உமணர்களையும் காண்கிறோம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறையென்று எனக்குத் தோன்றுகிறது. கடலை அறியாத ஓர் ஊரில் கறியைக் காப்பது முழுவதும் உப்பு வந்து சேர்வதைப் பொறுத்தது. அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்தின் கடற்கரையில் உப்பு விளையும் மரக்காணத்துக்கும் கல்வராயன் மலையடிவாரத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் உண்டு. பொதி மாடும் பார வண்டியுமே வாகனமாக இருந்த காலத்தில், அந்தத் தூரத்தின் ஒவ்வொரு காதமும் உப்பின் விலையில் ஏறியிருக்கும்.

தூரத்தைவிடப் பெரிய சுமையைச் சர்க்கார் ஏற்றியது. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1805-இல் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டனர். 1888-இல் ஏறக்குறைய 37 கிலோ கொண்ட மணங்கு ஒன்றுக்குத் தீர்வை இரண்டரை ரூபாயாயிற்று. 1907-இல் அது ஒரு ரூபாயாகக் குறைந்தும், 1923-இல் மீண்டும் இரண்டரைக்கு ஏறியது. உவர் மண்ணைச் சுரண்டி வீட்டில் உப்புக் காய்ச்சுவதும் குற்றமாக இருந்தது. இதில் என் மனத்தை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு: கடற்கரையில் மீன் பதனிடும் முற்றங்களை அமைத்து, மீனவர்க்குத் தீர்வையில்லாத உப்பைக் கொடுக்க முன்வந்த அதே சர்க்கார், ஆண்டில் இரண்டு மூன்று முறை அறுக்கும் ஆட்டின் கறியைக் காக்கக் கையளவு உப்புத் தேடிய உள்நாட்டுக் குடியானவளைப் பற்றி எண்ணவேயில்லை. உப்பைக் குறைத்துப் போட்டால் கறி கெடும். கெட்ட கறி வயிற்றைக் கெடுக்கும். 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் எதிர்த்த அநீதி, ஏழையின் கூழுக்கும் கருவாட்டுக்கும் உப்புக்கண்டத்துக்கும் உரியதாகவே எனக்குப் படுகிறது.

கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு அந்நாளில் உப்பு இன்னும் எட்டாத பொருளாக இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சி முழுவதும் ஜாகீர்தார்களின் கீழ் இருந்த அம்மலைக்கு, தலையிலும் தோளிலும் சுமந்தே பண்டங்கள் ஏறின. வேட்டை அங்கே பழைய தொழில்; வேட்டைக் கறியைக் காக்கவும் உப்பு வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை சட்டவிரோதமாயிற்று, அது நியாயமே.

உப்புக்கு மாறாகக் குளிர்ச்சியைக் கொண்டு உணவைக் காக்கும் வித்தையோ இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைச் சேமிக்க, சென்னைக் கடற்கரையில் 1842-இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது; பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதனால் அவர் பெயர் தாங்கி நிற்கும் கட்டடம் அதுவே. அப்பனிக்கட்டி வெள்ளைக்காரர் மேஜைக்கும் செல்வர் வீட்டுக்குமே போயிற்று.

இன்று இவ்வட்டாரத்துக் கள்ளக்குறிச்சியே ஒரு மாவட்டத்தின் தலைநகர். அம்மாவட்டம் 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தது. குளிர்சாதனப் பெட்டியும் சாதாரண வீடுகளுக்கு வந்துவிட்டது; ஜெர்மானியர் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன சாசேஜ், ஹாட் டாக் என்ற பெயரில் உலகமெங்கும் சுற்றி, உறைந்த பொட்டலமாக நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதுவும் உப்பிட்ட மாமிசமே. ஆயினும் ஈரம் நிறைந்தது ஆதலால் உப்புக்கண்டத்தைப் போலப் பானையில் கிடக்காது. 4 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத குளிரில், பிரிக்காத பொட்டலம் இரண்டு வாரமும், பிரித்தது ஒரு வாரமும் தாங்கும். உறையவைத்தால் ஒன்றிரண்டு மாதம் சுவை கெடாமல் இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் இரண்டு மணி நேரமே கணக்கு. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில், அதாவது நம் சித்திரை வைகாசியில், அது ஒரு மணியாகக் குறைகிறது. மின்சாரம் நின்றால், திறவாத பெட்டி நான்கு மணி நேரம்வரை குளிரைக் காக்கும். ஆகவே அடிக்கடி கதவைத் திறந்து பார்ப்பது கூடாது. லிஸ்டீரியா என்னும் கிருமியோ அந்தக் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது. இது கருவுற்ற பெண்ணையும் வயிற்றிலுள்ள சிசுவையும் வெகுவாகத் தாக்குவதால், வெந்தது என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தாலும், கருவுற்றவர்களுக்குக் கொடுக்குமுன் உள்வரை ஆவி பறக்கச் சுடவைத்தே கொடுக்க வேண்டும்.