ஃபிட்டர் தொழிற்பயிற்சி

தொழிற்சாலை இயந்திரங்களின் பாகங்களை அளவுக்குச் செதுக்கி, பொருத்தி, பழுதுபார்க்கும் கைவினைஞரை உருவாக்கும் ஐ.டி.ஐ. படிப்பு. 1950-இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் இது முதன்மையான பிரிவுகளுள் ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். காலம் 2 ஆண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ. நாகர்கோவில் கோணத்தில் உள்ளது.

பயிற்சி அரத்தில் தொடங்குகிறது. வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டை நாள்கணக்கில் ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடிக்கவேண்டும். விளிம்புக்கும் மட்டத்துக்கும் இடையே ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் ராவல்தான். சலிப்பூட்டும் இந்த வேலைதான் கையைப் பழக்குகிறது, இதைச் சுருக்கக்கூடாது. பிறகு 0.02 மி.மீ. வரை காட்டும் வெர்னியர், 0.01 மி.மீ. காட்டும் மைக்ரோமீட்டர், துளையிடல், மரை வெட்டுதல், கடைசல், வெல்டிங் ஆகியவை வரும்.

இந்தக் கைத்திறன் பெரிய ஆலைகளுக்கு மட்டுமல்ல. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் ரப்பர் விளையும் ஊர். அங்கே உறைந்த ரப்பர் பாலைத் தகடாக்கும் ஷீட் மிஷினில் உருளைகளின் இடைவெளி ஒருபக்கம் கூடினால் ஷீட் சீரான கனத்தில் வராது. உலர்வதும் ஒன்றுபோல இராது. அந்த இடைவெளியைச் சரிசெய்வதும், தேய்ந்த புஷ்ஷை மாற்றுவதும் ஃபிட்டர் வேலையே.

படித்து முடித்தவர் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையுடன் ஆலையில் அப்ரண்டிஸ் ஆகலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்; வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.