வட்டையில் தலைமையும் வாய்ச்சொல்லும்

தொழிலிடத்துத் தலைமை பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் அலுவலகத்தையும் ஆலையையுமே தமக்குக் களமாகக் கொள்வர். திருக்கோவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர மக்களுக்கோ நெல்வயலே தொன்மையான தொழிலிடமாகும். அங்கு ஆணையிட்டவர் யார், பேச வாய்ப்பின்றி நின்றவர் யார் என்பதைச் சுருக்கமாக நோக்குவோம்.

வயலுக்குரியவர் போடியார், வேலையாட்களை முன்னின்று நடத்தியவர் முல்லைக்காரன், வட்டை முழுவதன் நீர்ப்பங்கீட்டைக் கவனித்தவர் வட்டைவிதானை. சொல் மேலிருந்து கீழிறங்கியது. எனினும் சூடடிக்கும் களவெட்டியில் அன்றாடச் சொற்கள் பல விலக்கப்பட்டுத் தனிக் குழூஉக்குறிகள் வழங்கின. நெல் அங்கே ‘பொலி’யாயிற்று. மங்கலங் கருதிய அம்மொழி போடியாருக்கும் கூலியாளுக்கும் பொதுவானது. ஆனால் பொதுமொழி பேசியோர் யாவரும் பொது உரிமை பெற்றிருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாகும்.

இத்தலைமையின் வேரை நுணுகி ஆராய்ந்தவர் மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. திருக்கோவிலுக்கு வடக்கேயுள்ள அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு நடத்தி, 1974இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடி முறை நிலவுவதை அவர் விளக்கினார். கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காரும் குடிவழியே பொறுப்பேற்றனர். ஆகவே இங்குத் தலைமை என்பது தனியொருவரின் ஆற்றல் மட்டுமன்று. பிறப்பும் நிலமும் தந்த தகுதியுமாகும்.

அரசும் இவ்வமைப்பில் தலையிட்டது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பழைய வழக்கங்களுக்குச் சட்டவலு அளித்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமோ குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்பளித்துப் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்க முனைந்தது. சட்டம் குழுவை அமைக்கலாம். அங்கே வாய்திறக்கும் துணிவைச் சட்டத்தால் மட்டும் தந்துவிட முடியாது.

அத்துணிவு பிறக்கும் வழியை 1981இல் கல்லோயா இடதுகரையில் தொடங்கிய முயற்சி காட்டிற்று. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக அங்கு அனுப்பின. அவர்கள் விவசாயிகளிடையே வாழ்ந்து, முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்டனர். ஒரே வயல்வாய்க்காலைப் பகிர்வோர் சிறு குழுக்களாகக் கூடி, வாக்கெடுப்பாலன்றி ஒருமனதாகப் பிரதிநிதிகளைத் தெரிந்தனர். வாய்க்காலைத் தாமே துப்புரவாக்கிக் கடைமடைக்கும் நீர்விட முன்வந்தனர். இவ்வனுபவத்தை நோர்மன் அப்ஹொப் 1992இல் நூலாக்கினார்.

அங்கு சென்றோர் நம்மைப் போன்ற பட்டதாரிகளே என்பது சிந்திக்கற்பாலது. நாளை நிருவாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் செல்லும் நாம், போடியாரின் நாற்காலியில் அமரப் போகின்றோமா, வாய்க்கால் வரம்பில் அமர்ந்து கேட்கப் போகின்றோமா? மேல்மடையில் நிற்பவனுக்குக் கடைமடையின் வறட்சி தானே தெரிவதில்லை. அதனைக் கடைமடையான் சொல்ல வேண்டும், மேல்மடையான் கேட்க வேண்டும். வட்டையின் வரலாறு நமக்குணர்த்தும் பாடம் இதுவே.