எவர் குருதியானாலும்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டபோது, அதைத் தேடிச் சென்றவரின் கையில் உறை இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் ஆய்வு செய்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் வெறுங்கையாலேயே குருதி எடுத்து, அதிலிருந்து பிரித்த தெளிநீராகிய சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாதுகாத்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ரயிலில் கொண்டு சென்றார். அங்கே 6 மாதிரிகளில் தொற்று தெரியவந்தது. வெறுங்கையால் குருதி எடுத்ததை அவருடைய அசட்டைத்தனம் என்று கொள்வது பிழை. ஊசியையும் கண்ணாடிச் சிரிஞ்சையும் கொதிநீரிலிட்டு மீண்டும் மீண்டும் பயன்படுத்திய காலம் அது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1987-இல் விரிவாக வகுத்த 'அனைவருக்குமான முன்னெச்சரிக்கை' என்னும் நெறி, நோயாளி யார் என்ற கேள்வியையே தள்ளிவைத்து, எவருடைய குருதியையும் தொற்றுள்ளதாகவே கருதிக் கையாளச் சொன்னது. தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாது என்பதால், பரிசோதனை முடிவை நம்பிக் கையுறையைத் தவிர்ப்பது ஆபத்தானது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி பணியாளரைக் குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 விழுக்காடே; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி பரவும் வாய்ப்போ அதைவிடப் பல மடங்கு. ஆயினும் நாட்டின் மருத்துவமனைகள் பலவற்றில் நெறி தலைகீழானது: முதலில் பரிசோதனை, தொற்று தெரிந்தால் தனிப்படுக்கை அல்லது வேறு மருத்துவமனைக்குச் சீட்டு.

அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்குப் புகலிடமானவற்றுள், 1928-இல் காசநோய்க்கென டாக்டர் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் முதன்மையானது; அது 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளை ஏற்றது. எய்ட்ஸ் நோயாளிகள் பலரைக் காசநோயும் பற்றியிருந்தமையால், அத்தகைய வார்டில் செவிலியருக்கு ஊசியைவிடக் காற்றே பெரிய அபாயம். கையுறை குருதியைத் தடுக்குமேயன்றி இருமலைத் தடுக்காது. அங்குத் தேவைப்படுவன முகக்கவசமும், காற்று தங்குதடையின்றிப் புகுந்து வெளியேறும் சன்னல்களும்தாம்.

2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், பாதுகாப்புக் கருவிகளையும் பயிற்சியையும், ஊசி குத்தியபின் தொற்றைத் தடுக்க 28 நாள் உட்கொள்ளும் மருந்தையும் பணியாளருக்கு வழங்கும் கடமையை நிறுவனத்தின்மீது சுமத்தியது. இம்மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நலம், 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை என்பதால், மாவட்டத் தலைநகரில் அது இருந்தால் மட்டும் போதாது. பேறுகால வலியோடு வருபவரின் பரிசோதனைச் சீட்டுக்காகக் காத்திருக்க இயலாத கறம்பக்குடி போன்ற வட்டத் தலைநகரங்களிலும் அது இரவிலும் கைக்கெட்ட வேண்டும்.