காயலான் கடையும் காரீயமும்: உடன்குடி வட்டாரத்தை முன்வைத்துப் பழைய மின்கலங்களின் மறுசுழற்சி வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பயன்பாடு முடிந்த காரீய அமில மின்கலங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றைக் குப்பையாகக் கருதியே நிகழ்கிறது. உடன்குடியை உள்ளடக்கிய தென்பாண்டிக் கடற்கரையின் உலோக வணிக வரலாறோ காரீயம் இங்கு என்றும் விலையுள்ள பண்டமாகவே இருந்து வந்ததைக் காட்டுகிறது. பழைய மின்கலத்தால் விளையும் கேட்டிற்கு அது வீசியெறியப்படுவதைவிட மீட்டெடுக்கப்படும் முறையே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உடன்குடி, காரீயம், மின்கலம், காயலான் கடை, மறுசுழற்சி, தேரி நிலம்

முன்னுரை

உடன்குடி என்றதும் கருப்பட்டி நினைவுக்கு வரும். 2023-ஆம் ஆண்டில் உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிக்கப்படும் வரை திருநெல்வேலியைச் சேர்ந்திருந்த இவ்வூர், தாமிரபரணிப் பாசனத்தின் கடைப்பகுதியை அடுத்து, செம்மணல் தேரிக்கும் கடலுக்கும் இடையே அமைந்துள்ளது. நிலத்தடி நீர் உவர்ப்பாகி வருவது இவ்வட்டாரத்தின் நெடுநாள் கவலை. இத்தகைய நிலத்தில் மண்ணும் நீரும் மேலும் ஒரு நஞ்சைத் தாங்குமா என்ற கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். வீட்டு இன்வெர்ட்டர், மீன்பிடிப் படகு, இருசக்கர வண்டி, ஆட்டோ என எங்கும் உள்ள மின்கலம் ஆயுள் முடிந்தபின் எங்குச் செல்கிறது என்பதை அறிய, அதனுள் இருக்கும் உலோகத்தின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

கடல்வழி வந்த உலோகம்

ராஜஸ்தானின் சாவர் போன்ற பழமையான ஈயச் சுரங்கம் எதுவும் தமிழகத்தின் தென்கோடியில் இல்லை. இங்கு ஈயம் வணிகத்தின் வழியே வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடற்பயணம்’ என்னும் கிரேக்க நூல், மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையில் இறக்குமதியான பண்டங்களுள் செம்பையும் வெள்ளீயத்தையும் காரீயத்தையும் குறிப்பிடுகிறது. அதே நூல் கொற்கையின் முத்துக்குளித்தலையும் கூறுகிறது. இந்தியாவில் செம்பும் ஈயமும் இல்லை என்றும், மணிகளையும் முத்துகளையும் கொடுத்தே இந்தியர் அவற்றைப் பெறுகின்றனர் என்றும் பிளினி எழுதினார். இந்தியா முழுமைக்கும் இக்கூற்று பொருந்தாது. எனினும், முத்து விளைந்த இக்கரைக்கு ஈயம் விலை கொடுத்து வாங்கிய பண்டம் என்பதை அது உணர்த்துகிறது. விலை கொடுத்து வாங்கிய உலோகம் எளிதில் வீசப்படுவதில்லை; அது மீண்டும் மீண்டும் உருக்கப்படும். மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கப்படும் ஈயக் குண்டு இதற்கு எளிய சான்று.

இங்குச் சொல் பற்றிய ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் ‘ஈயம்’ என்பது காரீயத்தையும் வெள்ளீயத்தையும் பொதுவாகச் சுட்டும். பிளினியின் இலத்தீனிலும் ஒரே சொல் கருமை, வெண்மை என்னும் அடைகளால் மட்டுமே வேறுபடுகிறது. பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவதும், ரசம் வைக்க ஈயச் சொம்பு பயன்படுத்துவதும் வெள்ளீயத்தைச் சார்ந்த வழக்கங்கள். மின்கலத்தில் உள்ளதோ நஞ்சாகிய காரீயம். சமையலறையில் பழகிய பெயரையே இரண்டும் தாங்கி நிற்பதால், பின்னதைக் குறித்து எழவேண்டிய அச்சம் மழுங்குகிறது எனக் கருத இடமுண்டு.

காயலான் கடை

பழைய இரும்பு வாங்கும் கடைக்குத் தமிழகத்தில் வழங்கும் ‘காயலான் கடை’ என்னும் பெயர், அத்தொழிலில் ஈடுபட்ட காயல்பட்டினத்து வணிகரால் வந்தது என்பது பரவலான விளக்கம். காயல்பட்டினம் உடன்குடிக்கு வடக்கே இதே கடற்கரையில் உள்ள ஊர். பழைய இரும்புக்கும் ஈயத்திற்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிச் சென்ற தெரு வணிகரை முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். மறுசுழற்சி என்னும் சொல் புழக்கத்திற்கு வருவதற்கு முன்பே வீட்டுவாசலில் தொடங்கி உருக்காலை வரை நீண்ட ஒரு வலையமைப்பு இங்கு இயங்கியது. ஈயம் அந்த வலையமைப்பின் ஒரு பண்டம்.

மின்வெட்டும் மின்கலமும்

காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய காரீய அமில மின்கலம் அடிப்படையில் இன்றும் மாறவில்லை. அதன் எடையில் பாதிக்கும் மேல் காரீயமும் அதன் சேர்மங்களும் உள்ளன. எஞ்சியவற்றுள் முதன்மையானது கந்தக அமிலம். தமிழகத்து வீடுகளுக்குள் இது பெருமளவில் நுழைந்தது 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத நிலையில், வசதியுள்ளோர் இன்வெர்ட்டரை நாடினர். உடன்குடி அனல்மின் திட்டமும் அக்காலத்ததே. 2008-இல் மின்வாரியமும் பெல் நிறுவனமும் அமைத்த கூட்டு முயற்சி 2012-இல் கைவிடப்பட்டது. 660 மெகாவாட் திறனுடைய இரு அலகுகளுக்கான பணி 2017-இல்தான் பெல் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் திட்டம் தாமதித்த ஆண்டுகளில் குடும்பங்கள் தம் செலவில் மின்சாரத்தைச் சேமித்து வைத்தன. இவ்வகை மின்கலத்தின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே. எனவே, ஒவ்வொரு மின்வெட்டுக் காலத்தைத் தொடர்ந்தும் சில ஆண்டுகளில் ஒரு பழைய மின்கல அலை எழும் என்பது கணக்கு.

சிறிய அடுப்பின் பெரிய கேடு

காரீயத்தின் உருகுநிலை 327 பாகை செல்சியசு. மின்கலத்தை உடைத்து அதன் உலோகத் தகடுகளை உருக்க ஒரு கரியடுப்பே போதும். இந்த எளிமைதான் கேட்டின் வேர். தகட்டில் படிந்துள்ள காரீய சல்பேட்டும் ஆக்சைடும் அவ்வெப்பத்தில் உலோகமாக மாறுவதில்லை. ஆயிரம் பாகை அளவிலான உலை அதற்குத் தேவை. ஆகவே சிற்றடுப்பில் அவை தூசியாகவும் கசடாகவும் எஞ்சுகின்றன. அமிலமோ வாங்குபவருக்குப் பயனற்ற எடை. உடைக்கும் இடத்திலேயே மண்ணில் கொட்டப்படுகிறது. களிமண்ணும் மக்கும் மிகுந்த நிலம் காரீயத்தைப் பற்றி நிறுத்தும். தேரி மணலில் இரண்டும் குறைவு. அமிலம் சேரும்போது அந்தப் பிடிப்பு மேலும் தளரும்.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்கரின் கடலோரப் புறநகரான தியாரோய்-சுர்-மேர் இதற்குக் கடுமையான முன்னுதாரணம். மின்கலங்கள் உடைக்கப்பட்ட இடத்தின் மணலைச் சலித்துக் காரீயம் எடுத்த அப்பகுதியில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர். அங்கு மணல் குப்பையாக இருக்கவில்லை. விலைபோகும் சரக்காக இருந்தது. யூனிசெஃப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக மதிப்பிட்டது. பாதுகாப்பான அளவு என ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

சட்டமும் சந்தையும்

இந்திய அரசு 2001 மே மாதம் மின்கல (மேலாண்மை, கையாளுதல்) விதிகளை அறிவித்தது. புதிய மின்கலம் விற்போர் பழையதைத் திரும்பப் பெறவேண்டும். முதலாண்டில் 50 விழுக்காடு, இரண்டாமாண்டில் 75, மூன்றாமாண்டு முதல் 90 விழுக்காடு என இலக்கு விதிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளரின் விரிவாக்கப்பட்ட பொறுப்பை மையமாக்கி, இணையவழிப் பதிவையும் கட்டாயமாக்கின.

இவ்விதிகளின் நோக்கம் சரியானது. ஆயினும் அவை உற்பத்தியாளர், விற்பனையாளர், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே பேசுகின்றன. தெருவில் மூன்றுசக்கர வண்டியுடன் வருபவரை அவை தம் மையத்தில் வைக்கவில்லை. புகை வடிகட்டிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் செலவிட்டு, ஈயக் கழிவின் மீது 18 விழுக்காடு சரக்கு-சேவை வரியும் கணக்கில் காட்டும் ஆலையைவிட, இவை எதுவும் இல்லாத சிற்றடுப்புக்காரரால் கூடுதல் விலை தர முடிகிறது. தூய்மைக்கான செலவைத் தவிர்ப்பதே அவருடைய இலாபம். அச்செலவை அவருக்கு மாறாக அண்டை வீட்டுக் குழந்தை ஏற்கிறது.

நிறைவுரை

பெற்ற முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். தென்பாண்டிக் கடற்கரையில் காரீயம் தொன்றுதொட்டு மறுபடி உருக்கப்படும் பண்டம். அது மின்கலமான பின்னும் அந்நிலை மாறவில்லை. ஆகவே ‘குப்பையில் எறியாதீர்’ என்னும் அறிவுரை இங்கு இலக்குத் தவறியது, எவரும் எறிவதில்லை. பழைய மின்கலம் உடைக்கப்படாமல், அமிலம் வடிக்கப்படாமல், நிமிர்ந்த நிலையில் பதிவு பெற்ற ஆலையைச் சென்றடைவதே பொறுப்பான அகற்றல். அமிலத்துடன் முழுமையாக வரும் மின்கலத்திற்குக் கூடுதல் விலை, வாங்கும்போதே பிடித்துத் திருப்பித் தரும் வைப்புத்தொகை, காயலான் கடைக்காரரைச் சேகரிப்பு முகவராகப் பதிவு செய்தல் ஆகிய மூன்றும் அதற்குரிய வழிகள். பல தலைமுறைகளாக உலோகத்தை வீணாகாமல் காத்த ஒரு வணிக மரபைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. அம்மரபின் கையிலிருந்து உருக்கும் அடுப்பை மட்டும் பிரித்தெடுத்து, சேகரிக்கும் தொழிலை அதனிடமே விட்டுவைப்பது கடினமானது என்றாலும், தேரி மண்ணையும் அதன் நீரையும் காக்க அதுவே உகந்தது.