முக்கோணப் போரும் வலுச் சமநிலையும்

அண்டை அரசுகளின் வலிமை ஒத்திருப்பின் போர் நிகழாது என்பது பலர் கொண்ட கருத்து. மலாக்கா நீரிணையின் வரலாறு இக்கருத்தை அப்படியே ஏற்க இடந்தரவில்லை.

1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அரசிழந்த சுல்தான் மகமூது ஷாவின் வழியினர் தெற்கே ஜொகூர் அரசை நிறுவினர். மலாக்காவை விட்டகன்ற முஸ்லிம் வணிகரின் வரவால் சுமாத்திராவின் வடமுனையில் அச்சே செழித்தது. இவ்வாறு ஒரே நீரிணையின் வாணிபத்தை நாடி மூன்று ஆற்றல்கள் எதிரெதிர் நின்றன.

சமயத்தால் ஒன்றுபட்ட ஜொகூரும் அச்சேயும் இணைந்து போர்த்துகீசியரை எதிர்த்திருக்கும் என எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. 1564இல் அச்சே ஜொகூரின் தலைநகரான ஜொகூர் லாமாவைத் தாக்கி, அதன் சுல்தானைச் சிறைபிடித்துச் சென்றது. 1568இல் அச்சேயின் பெரும்படை மலாக்காவை முற்றுகையிட்டபோது, ஜொகூர் போர்த்துகீசியருக்கு உதவிப் படை அனுப்பியது. 1587இல் அதே போர்த்துகீசியர் ஜொகூர் லாமாவைத் தகர்த்தனர். 1629இல் அச்சேயின் சுல்தான் இஸ்கந்தார் மூடா மலாக்காவை வளைத்தபோது, ஜொகூர் மீண்டும் போர்த்துகீசியர் பக்கமே சாய்ந்தது. அம்முற்றுகையில் அச்சேயின் கப்பற்படை அழிந்தது.

ஜொகூரின் இச்செயல்கள் நட்பின் விளைவல்ல, அச்சத்தின் விளைவு. மலாக்காவும் அச்சேயின் கைக்குச் சென்றால் அடுத்து வீழ்வது தானே என அது உணர்ந்திருந்தது. ஒருவர் ஓங்கும்போது மற்ற இருவரும் நெருங்கினர். அவர் தளர்ந்ததும் விலகினர். ஆகவே மூவருள் எவரும் மற்றவரை முற்றாக விழுங்க இயலவில்லை. ஆயினும் போர் ஓயவில்லை. சமநிலை அவர்களுக்கு அளித்தது உயிர்ப்பேயன்றி அமைதியன்று.

இந்நிலையை மாற்றியது நான்காவது ஆற்றல். 1606இல் ஜொகூர் டச்சுக்காரரோடு உடன்படிக்கை செய்தது. இருவரும் கூடி நடத்திய முற்றுகையால் 1641 ஜனவரி 14ஆம் நாள் மலாக்கா வீழ்ந்தது. எனினும் நகரம் ஜொகூருக்குத் திரும்பவில்லை. கோட்டையில் டச்சுக் கொடியே பறந்தது.

அதன் முடிவு 1824இல் வெளிப்பட்டது. இலண்டனில் கையெழுத்தான ஆங்கில-டச்சு உடன்படிக்கை நீரிணையை எல்லைக் கோடாக்கியது. மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஜொகூர்-ரியாவ் அரசு இரு கூறாயிற்று. கையொப்பமிட்டோருள் மலாய் அரசர் ஒருவருமிலர்.

துணைவலியையும் எண்ணிப் பார்த்தே வினையாற்ற வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அத்துணை நாளை எவ்வளவு வலுப்பெறும் என்பதையும் எண்ண வேண்டும் என்பதே இந்நீரிணை புகட்டும் பாடமாகும்.