புணர்வலி நோய்களும் கருத்தரிப்பு மருத்துவமும்

1. பொருள்

புனேயின் தென்கிழக்கே கோந்த்வாவில், தேசிய வங்கி மேலாண்மை நிறுவனத்தைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களில், வேலைக்கென்று வெளியூர்களிலிருந்து வந்த இளம் தம்பதியர் பலர் குடியிருக்கின்றனர். தமிழ்த் தம்பதியர் என்றால், ஊரிலிருந்து வரும் தொலைபேசியில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்வி தவறாது. சில ஆண்டுகள் பொறுத்துக் கருத்தரிப்பு மையத்துக்குப் போகிறார்கள். மணமாகி எத்தனை ஆண்டு என்று அங்கே கேட்பார்கள். உறவு நிகழ்கிறதா, வலி உண்டா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்தக் கேள்வியே நம் ஆய்வுப்பொருள்.

2. வரையறை

காப்பின்றி 12 மாதங்கள் ஒழுங்காக உறவு கொண்டும் கரு உண்டாகாமையே குழந்தையின்மை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உறவே நிகழாத தம்பதியர் இவ்வரையறைக்குள் வரமாட்டார்கள். அந்தப் பெண்ணை 'மலடி' என்பது கொடுமை மட்டுமன்று, பிழையும் ஆகும்.

உறவின்போதோ அதன் பின்னோ தோன்றும் வலியை டிஸ்பரூனியா என்பர். நாம் புணர்வலி என்போம். நுழைவை எண்ணிய கணத்திலேயே இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்வது வஜைனிஸ்மஸ். இதை யோனியிறுக்கம் என்போம். 'தாமாக' என்பதே இங்கு உயிரான சொல்: கண்ணருகே விரல் வந்தால் இமை மூடுவதுபோல், விருப்பமும் அன்பும் இருக்கும்போதே இது நேரும். இவ்விரண்டையும் நடைமுறையில் பிரித்தறிவது கடினம் என்பதால், 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒரே நோயாக்கியது. குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது.

சொற்களுக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. புனேயில் படித்த ரகுநாத் தோண்டோ கர்வே, 1927 முதல் 1953இல் இறக்கும்வரை, 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' இதழில் உடலுறவைப் பற்றி மராத்தியிலேயே எழுதினார், வழக்குகளையும் தாங்கினார். தாய்மொழியில் பெயரில்லாத நோயை மருத்துவரிடம் சொல்ல நா எழாது.

3. வகையும் காரணமும்

முதல் முயற்சியிலிருந்தே இருப்பது முதனிலை. சில காலம் இயல்பாக உறவு நிகழ்ந்தபின் வருவது பின்னிலை. பிந்தையதற்குப் பிரசவத் தையல், தொற்று, எண்டோமெட்ரியோசிஸ், பாலூட்டும் காலத்து வறட்சி முதலியன காரணமாகலாம். முதனிலையில் அச்சம் தசையை இறுக்குகிறது; இறுக்கம் வலியாகிறது; வலி அச்சத்தை வளர்க்கிறது. சிகிச்சையே காரணமாவதும் உண்டு: நாள் குறித்து உறவு கொள்ளச் சொன்னால் மனைவிக்கு அச்சம் மிகும், கணவனுக்கு விறைப்பு தளரும்.

4. சிகிச்சைப் படிகள்

முதற்படி பரிசோதனை. யோனிவழி ஸ்கேன் கருவியைக் கண்டதும் பெண்ணின் தொடைகள் சேர்ந்துகொள்கின்றன. இடுப்பு மேசையிலிருந்து எழும்புகிறது. கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதப்படுகிறது. ஆனால் அது ஒத்துழையாமை அன்று, நோய்க்குறி. சிறுநீர்ப்பை நிரம்பிய நிலையில் வயிற்றின்மேல் பார்க்கும் ஸ்கேன் தொடக்கத்துக்குப் போதும்.

அடுத்தது பயிற்சி. மூச்சோடு தசையைத் தளர்த்தக் கற்றபின், சிறுவிரல் பருமனுள்ள விரிப்பானை அந்தப் பெண்ணே தன் கையால் வைத்துப் பழகுகிறாள். பழகப் பழகப் பருமன் கூடும். அவசரப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. வயது 35ஐக் கடந்திருந்தால் மட்டும், கருத்தரிப்புச் சிகிச்சையும் உடன் நடக்கட்டும் என்பதே நம் முடிபு. ஊசி நீக்கிய சிரிஞ்சால் வீட்டிலேயே விந்தைச் செலுத்திக்கொள்ளும் எளிய வழியை, மருத்துவர் சொல்லித் தரலாம்.

சோதனைக்குழாய் முறை வலியைச் சுற்றிக்கொண்டு போகும், தீர்க்காது. கருப்பைவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்தது என்று பார்க்கப் பிரசவ அறையில் மருத்துவர் கையுறை அணியும்போது, அந்த வலி திரும்பி வரும். ஆகவே கரு உறுதியானதும் அந்தக் கோப்பை மூடிவிடலாகாது. பேறுகால மருத்துவரிடம் அதை அப்படியே ஒப்படைக்க வேண்டும்.