எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்

இந்த முறை பட்ஜெட்டும் இல்லை, பேலன்ஸ் ஷீட்டும் இல்லை. ஒரு பழைய காரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பி.காம். படிக்கிற பையனுக்கு காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். கடைசியில் கணக்குக்கே வந்து சேருவோம் :)

ராயபுரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுப் பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. பெரியப்பா எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஷெட்டில் நாலு கட்டை மேல் நிற்கிறது ஒரு ஆஸ்டின் ஏ40 டெவன். ஆர்.சி. புத்தகத்தில் 1951 என்று போட்டிருக்கிறது. உருண்டையான முதுகு, பானெட் நுனியில் இறக்கை வைத்த 'ஏ' எழுத்து. சின்ன வயதில் அதை "லண்டன் கார்" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாதான் ஒருநாள் திருத்தினார்: "லண்டனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது நம்ம எண்ணூர்ல பூட்டின வண்டிடா."

எண்ணூரில் காரா? எண்ணூர் என்றால் நமக்கெல்லாம் லாரியும் பஸ்ஸும்தானே ஞாபகம் வரும்? அங்கிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கியது.

ரகுநந்தன் சரண் என்று ஒருவர். பஞ்சாபைச் சேர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். நாடு விடுதலை ஆனதும், நவீனத் தொழில் ஒன்றைத் தொடங்குங்கள் என்று நேரு அவரிடம் வலியுறுத்தினாராம். 1948 செப்டம்பரில் சென்னையில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். தன் ஒரே மகன் பெயரையே அதற்கு வைத்தார்: அசோக் மோட்டார்ஸ். ஆலை எண்ணூரில். 1949 செப்டம்பரில், அதாவது சரியாக ஒரு வருடத்தில், முதல் ஆஸ்டின் ஏ40 அங்கிருந்து வெளியே வந்தது.

ஏன் ஆஸ்டின்? போர் முடிந்து கடனில் தத்தளித்த இங்கிலாந்துக்கு வெளிநாட்டுப் பணம் தேவைப்பட்டது. அங்கே செய்த கார்களில் பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு விற்றே ஆக வேண்டிய நிலை. 1947ல் வந்த ஏ40 அப்படி உலகமெல்லாம் சுற்றிய வண்டி. 1200 சி.சி. எஞ்சின், சுமார் 40 குதிரைத்திறன், பெயரில் இருக்கும் 40 அதுதான்.

இந்தியப் பக்கமும் ஒரு காரணம் உண்டு. 1949ல் முழுதாகக் கட்டிய கார்களை இறக்குமதி செய்வதை அரசு தடுத்தது. பாகம் பாகமாகப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டலாம். காமர்ஸ் பாடத்தில் சி.கே.டி. என்று படிக்கிறோமே, அதுதான். இந்தக் கோணத்தில் பார்த்தால் எண்ணூரைத் தேர்ந்தெடுத்தது புரியும். தெற்கே துறைமுகம், கூடவே ரயில் பாதை, நடுவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. பெட்டி இறங்குகிற இடத்துக்கும் பூட்டுகிற இடத்துக்கும் அதிக தூரம் இல்லை. நம் வண்டி 1951ல் சென்னையில் பதிவானது என்பதால் பெரியப்பா சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் கார் கதை சீக்கிரமே முடிந்துவிட்டது. 1950ல் லேலண்ட் கம்பெனியோடு ஒப்பந்தம், 1951ல் முதல் காமெட் லாரி எண்ணூரில் பூட்டப்பட்டது. 1953ல் டாரிஃப் கமிஷன் கறாராகச் சொன்னது: வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இனி இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்பவர்கள்தான் இருக்கலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டினார்கள். சரண் ஒரு விமான விபத்தில் இறந்துபோனார். சென்னை மாகாண அரசும் மற்ற பங்குதாரர்களும் லேலண்டோடு பேச்சை முடித்து, 1955ல் கம்பெனி அசோக் லேலண்ட் ஆனது. அதன் பிறகு முக்கியமாக லாரியும் பஸ்ஸும்தான். மகன் பெயர் நிலைத்தது, கார் போய்விட்டது.

இதே ஏ40 இன்னொரு நாட்டில் என்ன ஆனது தெரியுமா? 1952 கடைசியில் ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனி ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டது. டெவனுக்கு அடுத்து வந்த ஏ40 சாமர்செட்டைப் பூட்டத் தொடங்கி, சில ஆண்டுகளில் பாகங்களை எல்லாம் அங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் அவர்களுடைய டாட்சன் கார்களுக்குப் போனது. 2010ல் அதே நிஸ்ஸான், ரெனோவோடு சேர்ந்து, நம் ஒரகடத்தில் கார் ஆலை திறந்தது! இடையில் 2007ல் அசோக் லேலண்டும் நிஸ்ஸானும் கூட்டுச் சேர்ந்து, 2011ல் 'தோஸ்த்' வண்டியை விட்டு, 2016ல் பிரிந்தும் போனார்கள். ஒரே ஆஸ்டினிடம் பாடம் கற்ற இரண்டு மாணவர்கள் அறுபது வருடம் கழித்துச் சந்தித்த மாதிரி இருக்கிறது. இதில் யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர் பஸ்களை யார் ஓட்டினார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும் இல்லையா?

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

ராயபுரத்தில் பழைய காரை வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி கடல் காற்று. பட்டி தேய்த்துப் பெயிண்ட் அடித்த இடமெல்லாம் உள்ளே துரு. பெரியப்பா பட்டியைச் சுரண்டியபோது கதவின் அடிப்பக்கம் அப்பளமாக உதிர்ந்தது. புதுத் தகடு வெட்டி, வளைத்து, கேஸ் வெல்டிங் வைத்தார். பிரேக் இன்னொரு வேடிக்கை. டெவனில் முன் சக்கரத்துக்கு எண்ணெய் பிரேக், பின் சக்கரத்துக்குக் கம்பி இழுக்கும் பிரேக். கரெண்டும் தலைகீழ், பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் சேரும். இது தெரியாத ஒரு கடைக்காரர் முன்பு மாற்றிக் கொடுத்து ஒயரிங் கருகிய கதை தனி. மில்லிமீட்டர் ஸ்பானர் நட்டில் சரியாக உட்காராது. பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டியதுதான்.

பெரிய சிக்கல் எஞ்சின். இந்தக் காரில் இருப்பது ஆஸ்டின் எஞ்சினே இல்லை. எப்போதோ ஒரு சொந்தக்காரர், டாக்ஸியாக ஓட்டியிருப்பார் போல, டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார். அதைத் தாங்க சேசிஸில் இரண்டு இரும்பு பிராக்கெட் வெல்டு செய்திருக்கிறது. அந்த நாளில் எத்தனையோ பழைய கார்களுக்கு நடந்ததுதான் இது. பெட்ரோல் விலைக்குக் கட்டுப்படியாகாது, பாகமும் கிடைக்காது. வண்டியை வீட்டில் நிறுத்தினால் சோறு வராது.

போன வருடம் புதுப்பேட்டையில் ஒரு 1200 சி.சி. ஆஸ்டின் எஞ்சின் கிடைத்தது. பெரியப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. உடனே நான் சட்டத்தைப் படித்தேன். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவுக்குப் பின் 50 வருடம் தாண்டிய வண்டி, தயாரான மூல வடிவத்திலேயே இருந்தால், விண்டேஜ் வண்டி. ஏற்கெனவே எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ராலி, கண்காட்சி போன்றவற்றுக்கு ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

"அப்ப அந்த பிராக்கெட்டை அறுத்து, தேய்ச்சு, தடமே இல்லாம பண்ணிடுங்க பெரியப்பா" என்றேன்.

கிரைண்டரைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "இத்த கூட எவனோ ஒருத்தன் குந்திக்கினு வெல்டு அடிச்சிருக்கான்டா. கைய பாரு, எவ்ளோ சுத்தமா கீது. ஆஸ்டின்காரன் பண்ணது மட்டும்தான் வேலையா?"

எனக்குப் பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால், 1951ல் எண்ணூரில் இந்தக் காரைப் பூட்டிய கைகளின் பெயர் எங்கும் இல்லை. பின்னால் டீசல் மாற்றியவர் பெயரும் இல்லை. மூல வடிவம் என்று நாம் சொல்வது இங்கிலாந்தில் போட்ட டிராயிங்கை. நம் ஊர் இந்தக் காரில் எழுதிய கையெழுத்து அந்த பிராக்கெட்தான். எங்கள் பாடத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வருடா வருடம் கழித்து, கடைசியில் ஸ்கிராப் வேல்யூ மட்டும் மிஞ்சும். அந்தக் கணக்கில் இந்தக் காரின் மதிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. நடுவில் அதை ஓட வைத்தவர்களின் உழைப்பை எந்தக் கலத்தில் எழுதுவது என்று எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை.

என் யோசனை இது: எதை அறுப்பதற்கு முன்னாலும் போட்டோ எடுக்க வேண்டும், அளந்து எழுத வேண்டும், எந்த பாகம் எங்கே வாங்கியது என்று ஒரு நோட்டு போட வேண்டும். அதை நானே தொடங்கிவிட்டேன், இப்போது நாற்பது பக்கம் தாண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தா காலத்து வண்டியோ, தையல் மெஷினோ இருந்தால் நீங்களும் செய்யுங்கள்.

ஆஸ்டின் எஞ்சின் இன்னும் பெஞ்ச் மேல்தான் இருக்கிறது. பிராக்கெட்டும் அப்படியே இருக்கிறது. தினமும் சாயங்காலம் பெரியப்பா அதை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, வேறு வேலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.